சோபஸ் லீ

1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டிருந்த காலம். எல்லைப்புறத்தில் பிரெஞ்சுப் படைகள் தோல்வியுற்றுப் பின்னடைந்து கொண்டிருந்தன. உள்நாட்டு மக்கள் கலக்கமுற்று, அயலார் எவரைக் கண்டாலும் பகைவரின் ஒற்றரோ என ஐயுறலாயினர். அந்நிலையில், பாரிசு மாநகருக்குத் தென்கிழக்கே உள்ள பாந்தேன்புளோ என்னும் ஊரின் பக்கத்தே, நெடிய உருவமும் திண்ணிய உடலும் உடைய இளைஞர் ஒருவர் தனியே நடந்து சென்று கொண்டிருந்தார். அவர் பேசிய பிரெஞ்சு மொழியில் வடபுலத்து ஒலி கலந்திருந்தது. காவலர் அவரைத் தடுத்து நிறுத்தி, அவர் வைத்திருந்தவற்றைச் சோதித்தனர். விளங்காத குறியீடுகள் நிறைந்த தாள்கள் பல அகப்பட்டன. அவை செருமானியர்க்கு அனுப்பும் மறைமொழிச் செய்திகள் என்றே காவலர் துணிந்தனர். இளைஞர் சிறையில் அடைக்கப்பட்டார்.

உண்மையில் அத்தாள்களில் இருந்தவை கோடுகளையும் கோளங்களையும் பற்றிய கணிதக் குறிப்புகளே. அவற்றை எழுதியவர் செருமானியரும் அல்லர், நார்வே நாட்டவர். போரினால் பாரிசில் தங்கிக் கற்பது தடைப்படவே, இத்தாலி வரையில் கால்நடையாகவே போய்விடலாம் என்று புறப்பட்டவர். ஏறத்தாழ ஒரு திங்கள் அவர் சிறையில் இருந்தார். பாரிசு நகரத்துக் கணித அறிஞர் தார்பூ என்பவர் உரியவர்களிடம் உண்மையை எடுத்துரைத்த பின்னரே விடுதலை பெற்றார். அந்த ஒரு திங்களும் அவர் வாளா இருக்கவில்லை. கணிதமே ஆராய்ந்து கொண்டிருந்தார். கணிதம் பயில்வோனுக்குச் சிறை அவ்வளவு பொருந்தாத இடமன்று என்னும் கருத்துப்பட அவர் பின்னர் எழுதியதாக அறிகிறோம். அவ்விளைஞரே சோபஸ் லீ.

மாரியஸ் சோபஸ் லீ 1842ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், நார்வே நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள நூர்பியோர்தெய்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மலைகளின் இடையே கடல்நீர் நெடுந்தொலைவு உட்புகுந்து கிடக்கும் நிலம் அது. தந்தையார் லூத்தரன் திருச்சபையின் குரு. மக்கள் அறுவருள் இவரே கடைக்குட்டி. பின்னர் அக்குடும்பம் மோஸ் என்னும் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தது. இன்று ஓஸ்லோ என வழங்கும் தலைநகருக்கு அந்நாளில் கிறிஸ்தியானியா என்று பெயர். லீ அங்கே கல்வி கற்றார். அங்கிருந்து மோஸ் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. அவ்வளவு தொலைவையும் ஒரே மூச்சில் நடந்தே சென்று தந்தையைக் கண்டு வருவார் என்பர். நடை அவருக்கு இறுதிவரை பேருவகை அளித்தது.

உடல்வலி மிக்க அவர் படையிற் சேரவே முதலில் விரும்பினார். கண்பார்வை குன்றியிருந்தமையால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. கிறிஸ்தியானியாப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து 1865ஆம் ஆண்டு தேர்வு பெற்றார். அதற்குள் எந்தத் துறையிலும் அவர்க்குத் தனி நாட்டம் பிறந்திலது. இடையே 1862ஆம் ஆண்டில், சீலோ என்னும் அறிஞர், கலுவா என்ற பிரெஞ்சு இளைஞர் கண்ட புதிய இயற்கணிதத்தைப் பற்றி அங்கே விரிவுரை நிகழ்த்தினார். கலுவா 1832ஆம் ஆண்டு, இருபதே அகவையில், ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையொன்றிற் சுடப்பட்டு மாண்டவர். அவ்விரிவுரையை லீ கேட்டார். கேட்டபோது அது மனத்தில் ஆழப் பதியவில்லை. பட்டம் பெற்ற பின் எப்பணியில் ஈடுபடுவது என்று அறியாமல் பெரிதும் உளம் சோர்ந்தார். தம்மால் யாதொரு பயனும் இல்லையோ என ஏங்கிய நாள்களும் உண்டு.

1868ஆம் ஆண்டிலேதான் அவர் வாழ்வு திரும்பியது. பொன்சலே, புளூக்கர் என்னும் இருவர் எழுதிய வடிவ கணித நூல்கள் அவர் கைக்கு எட்டின. வெளியில் உள்ள பொருள்களைப் புள்ளிகளால் ஆனவை என்று கொள்வதே வழக்கம். கோடுகளால் ஆனவை என்றும் கொள்ளலாம் என்பது புளூக்கர் காட்டிய புதுநெறி. அக்கருத்து லீயின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. மறு ஆண்டே தம் முதற் கட்டுரையை எழுதினார். அதனை வெளியிட உள்நாட்டு அறிஞர் கழகம் தயங்கவே, தம் செலவிலேயே அச்சிட்டார். அக்கட்டுரையின் சிறப்பால் அயல்நாடு சென்று கற்பதற்கு உதவித்தொகை கிடைத்தது.

பெர்லின் நகரில், 1869ஆம் ஆண்டின் இறுதியில், பெலிக்ஸ் கிளைன் என்னும் செருமானியரைச் சந்தித்தார். கிளைன் இவரினும் ஆறாண்டுக்கு மேல் இளையவர்; புளூக்கரிடமே பயின்றவர். இயல்பில் இருவரும் வேறுபட்டவர்கள். கிளைன் பல துறைகளையும் ஒருங்கே நோக்கி முறைப்படுத்த வல்லவர். நாவன்மையும் எழுத்து வன்மையும் ஒருங்கே வாய்த்தவர். லீயோ ஒன்றையே பற்றி ஆழ்ந்து செல்பவர்; கண்டதைச் சொல்லில் வடிக்க இயலாமல் இடர்ப்படுபவர். எனினும் நட்பு விரைவில் முதிர்ந்தது. 1870ஆம் ஆண்டு இளவேனிலில் இருவரும் பாரிசு சென்றனர். அங்கே ஜோர்தான் என்னும் அறிஞர் கலுவாவின் கருத்துகளை விளக்கிப் பெருநூல் ஒன்று இயற்றியிருந்தார். எட்டாண்டுகட்கு முன் சீலோ இட்ட வித்து அப்போதுதான் முளைத்தது. ஜூலைத் திங்களில் போர் மூளவே கிளைன் செருமனி திரும்பினார். லீ தனித்துப் புறப்பட்டுச் சிறைப்பட்ட வரலாற்றை மேலே கண்டோம்.

இனி லீ எதனைத் தேடினார் என்பதைச் சிறிது காண்போம். நான் கணிதம் கற்றவன் அல்லேன். இலக்கணம் கற்பித்தே தலை நரைத்தவன். எனினும் உடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதி எனக்கு விளக்கியவற்றை, அவர் விளக்கிய முறையிலேயே உங்களுக்கும் கூறுகின்றேன்.

கணித நூலார் குலம் என்று ஒன்றைக் கூறுவர். சாதி குறித்து வழங்கும் குலம் வேறு; இது வேறு. பொருள்களை இடம் பெயர்க்கும் இயக்கங்கள் சிலவற்றை ஒன்றாகத் திரட்டுக. அத்திரளில் உள்ள இரண்டு இயக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால், வரும் விளைவும் அத்திரளிலேயே இருத்தல் வேண்டும். ஓர் இயக்கம் இருப்பின் அதனை மீட்டு முன்னிலைக்குக் கொணரும் எதிர் இயக்கமும் அங்கே இருத்தல் வேண்டும். ஒன்றும் செய்யாது நிற்றலும் ஓர் இயக்கமாகவே எண்ணப்படும். இங்ஙனம் அமைந்த திரளே குலம். கலுவா ஆராய்ந்தவை சமன்பாட்டின் மூலங்களை இடம் மாற்றும் குலங்கள். அவற்றில் இயக்கங்கள் எண்ணி முடிக்கத்தக்கவை. லீ ஆராய விரும்பியவையோ தொடர்ந்து ஒழுகும் இயக்கங்கள். கடிகார முள்ளைப் படிப்படியாகத் திருப்புதலும் இயலும். இழையறாது திருப்புதலும் இயலுமன்றோ? இரண்டாவது வகையே லீ எடுத்துக்கொண்டது. கலுவா இயற்கணிதச் சமன்பாடுகளுக்குச் செய்ததைத் தாம் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குச் செய்தல் வேண்டும் என்பது அவர் வேட்கை.

மிக எளிய இடத்திலிருந்து தொடங்குவோம் என்று அவர் கருதினார். அகலமும் உயரமும் அற்று, நீளம் ஒன்றே உடையது கோடு. அதன் மேல் ஒழுகக்கூடிய குலங்கள் எத்தனை வகைப்படும்?

அடிக்கோல் ஒன்றை எடுத்து மேசையின் விளிம்பை ஒட்டி நகர்த்துக. கோலில் உள்ள குறிகள் யாவும் ஒரே அளவு நகரும். எவ்வளவு நகர்த்தினோம் என்னும் ஓர் எண்ணைக் கூறினால் இயக்கம் முழுவதும் தெரிந்துவிடும். இது முதல் வகை. ரப்பர் நாடா ஒன்றில் குறிகளை இட்டு, அதனை நகர்த்துவதோடு இழுத்து நீட்டவும் செய்க. இப்போது நகர்ந்த அளவு, நீண்ட மடங்கு என இரண்டு எண்கள் வேண்டும். இது இரண்டாம் வகை. மூன்றாவதற்கு விளக்கு ஒன்று தேவை. குறிகள் இட்ட கோலை விளக்கின் முன் பிடித்து, அதன் நிழலைச் சாய்வாக நிறுத்திய வேறொரு கோலின்மேல் விழச் செய்க. அண்மையிற் குறிகள் நெருங்கியும் சேய்மையில் விலகியும் தோன்றும். சாய்வு மிகுந்தால் ஒரு குறியின் நிழல் முடிவிலாத் தொலைவுக்கே ஓடிவிடும். இவ்வகை இயக்கத்தை முடிவு செய்ய மூன்று எண்கள் வேண்டும். மூன்று குறிகள் எங்கெங்கே விழுந்தன என்று தெரிந்தால், ஏனையவை விழும் இடங்களைக் கணக்கிட்டுவிடலாம்.

எப்புள்ளியையும் பெயர்க்க வல்லனவும் முடிவுள்ள சில எண்களால் குறிக்கத்தக்கனவும் ஆகிய குலங்கள் கோட்டின்மேல் இம்மூன்றே. நான்காவது இல்லை என்பது லீ கண்ட முடிபு. வேறு எதனைக் கொணர்ந்தாலும், கோட்டின் மேல் இட்ட குறிகளை அழித்து வேறு வகையாக இட்டுப் பார்த்தால், அது இம்மூன்றனுள் ஒன்றாகவே தோன்றும். 1873ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இத்துறையிற் புகுந்த அவர், 1874ஆம் ஆண்டு சிறு கட்டுரை ஒன்றில் இதனை அறிவித்தார்.

ஏன் நான்காவது இல்லை? இங்குத்தான் லீயின் தனித்திறம் விளங்குகிறது. முழு இயக்கத்தையும் ஒருங்கே நோக்காமல், அது தொடங்கும் கணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள விரைவை மட்டும் அவர் நோக்கினார். முதல் வகையில் எல்லாப் புள்ளிகளுக்கும் விரைவு ஒன்றே. நீட்டும்போது, தொடக்கப் புள்ளியிலிருந்து உள்ள தொலைவுக்கு ஏற்ப விரைவு மிகும். இரு மடங்கு தொலைவில் இரு மடங்கு விரைவு. மூன்றாவதில் தொலைவின் வர்க்கத்திற்கு ஏற்ப மிகும். இரு மடங்கு தொலைவில் நான்கு மடங்கு. இரண்டு இயக்கங்களை முன்னும் பின்னுமாக மாறி மாறிச் செய்தால் சிறு வேறுபாடு ஒன்று எஞ்சும். அவ்வெச்சமும் குலத்திற்குள் அடங்குதல் வேண்டும். மேற்கூறிய மூன்று விரைவுகளும் தம்முள் எவ்வாறு கலப்பினும் எச்சம் அம்மூன்றிலேயே அடங்கிவிடும். நான்காவதாகத் தொலைவின் கனத்தைச் சேர்த்தால், வர்க்கமும் கனமும் கலந்து நான்காம் படியைப் பிறப்பிக்கும். வர்க்கமும் நான்காம் படியும் கலந்து ஐந்தாம் படியைப் பிறப்பிக்கும். பின் ஆறாம் படி, ஏழாம் படி என முடிவின்றி நீளும். ஆகவே மூன்றோடு நிற்றல் வேண்டும். புணர்ச்சி விதிகளிலே பழகிய எனக்கு, இரண்டு கலந்தால் தோன்றுவது யாது என வினவும் இம்முறை அயலாகத் தோன்றவில்லை.

ஆயினும் கணித ஆசிரியர் ஓர் ஐயத்தை எழுப்பினார். புள்ளிகளுக்கு விரைவு உண்டு என்று லீ முன்னமே கொண்டுவிட்டார் அல்லவா? இயக்கங்கள் எல்லாம் முறிவின்றி, மழமழவென்று ஒழுகுவன, அதாவது வகையிடத்தக்கன, என்பது அவர் சொல்லாமலே கொண்ட அடிப்படை. இயக்கம் தொடர்ச்சியுடையதாக இருந்தும் இடையே முறிவு உடையதாக இருத்தல் கூடுமே! நடுவில் ஒரு புள்ளியை நிறுத்தி, ரப்பர் நாடாவின் இடப்பாதியை இரண்டு மடங்காகவும் வலப்பாதியை மூன்று மடங்காகவும் இழுத்தால் என்ன ஆகும்? நாடா அறுந்து போகாது. நடுப்புள்ளியில் மட்டும் இழுப்பின் அளவு திடீரென்று மாறும். அங்கே இழுப்பு இரண்டு மடங்கா, மூன்று மடங்கா என்று கூற இயலாது.

இம்முறிவை நீக்க வழி உண்டா? உண்டு என்று ஆசிரியர் விளக்கினார். வலப்பாதியில் 1 என்ற குறி 3க்கும், 3 என்பது 9க்கும், 9 என்பது 27க்கும் செல்லும். 3 என்று எழுதிய இடத்தில் அதனை அழித்து 2 என்று எழுதுக. 9 உள்ள இடத்தில் 4 என்றும், 27 உள்ள இடத்தில் 8 என்றும் எழுதுக. இடைப்பட்ட குறிகளையும் அதற்கேற்பத் திருத்துக. இனி வலப்புறமும் 1 என்பது 2க்கும், 2 என்பது 4க்கும், 4 என்பது 8க்கும் செல்லும். இருபுறமும் இழுப்பு இரண்டு மடங்கே. முறிவு மறைந்தது. நாடாவையும் நாம் மாற்றவில்லை. இழுத்த முறையையும் மாற்றவில்லை. குறிகளை மட்டுமே மாற்றி எழுதினோம். எல்லா முறிவுகளையும் இங்ஙனம் குறிமாற்றத்தால் நீக்கிவிடக் கூடுமா என்பதே வினா. கூடுமாயின் லீ கொண்ட அடிப்படை தேவையற்றது. கூடாதாயின் அவர் காணாத குலங்கள் வேறு இருத்தல் வேண்டும். அவர் வாழ்நாளில் இவ்வினாவுக்கு முழுவிடை கிடைக்கவில்லை.

மீண்டும் அவர் வரலாற்றுக்கு வருவோம். 1872ஆம் ஆண்டு நார்வே நாட்டுப் பாராளுமன்றம் லீக்கென்றே பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் கிளைன், வடிவ கணிதம் அனைத்தையும் குலங்களின் வாயிலாகவே வகைப்படுத்தலாம் என்னும் தம் புகழ்மிக்க திட்டத்தை வெளியிட்டார். லீயோடு அளவளாவிய கருத்துகளுக்கு அதிற் பங்கு உண்டு. 1874ஆம் ஆண்டு லீ அன்னா பிர்க் என்னும் மங்கையை மணந்தார். மக்கள் மூவர். நாட்டின் முன்னோடிக் கணித மேதை ஆபெல் எழுதியவற்றை, தம் ஆசிரியரான சீலோவுடன் சேர்ந்து பல்லாண்டு உழைத்துப் பதிப்பித்தார். அப்பதிப்பு 1881ஆம் ஆண்டு நிறைவுற்றது.

இல்வாழ்வு இனிதே நடந்தது; ஆராய்ச்சியிலோ துணையில்லை. அவர் கண்டவற்றைப் புரிந்துகொள்ளும் மாணவர் கிறிஸ்தியானியாவில் இலர். அயல்நாட்டறிஞர்களும் அவர் கட்டுரைகளைப் படிப்பது அரிதாயிருந்தது. எழுதும் ஆற்றல் குறைந்த ஒருவர் தனித்திருந்து எழுதினால் வேறென்ன நேரும்? இதனை உணர்ந்த கிளைன், லைப்சிக் நகரிலிருந்து பிரீட்ரிக் எங்கெல் என்னும் இளைஞரை 1884ஆம் ஆண்டு அனுப்பினார். எங்கெலுக்கு அப்போது இருபத்திரண்டு அகவை. லீ கருத்தைச் சொல்வார்; எங்கெல் அதனை எழுதி ஒழுங்கு செய்வார். நாள்தோறும் இருமுறை சந்தித்து, ஒன்பது திங்கள் இவ்வாறு உழைத்தனர். உருமாற்றக் குலங்களைப் பற்றிய பெருநூல் இங்ஙனம் உருவாயிற்று. அதன் மூன்று பகுதிகளும் 1888, 1890, 1893ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

இதற்கிடையே 1886ஆம் ஆண்டு கிளைன் கோட்டிங்கன் நகருக்குச் செல்ல, லைப்சிக்கில் அவர் வகித்த பதவிக்கு லீ அமர்த்தப்பட்டார். மாணவர் பலர் சூழ்ந்தனர், புகழும் வளர்ந்தது. ஆனால் மலையும் கடலும் கண்டு வளர்ந்தவருக்குச் சமவெளி நகரம் ஒவ்வவில்லை. பணியும் மிகுந்தது. 1889ஆம் ஆண்டின் இறுதியில் உறக்கமின்மையும் உளநோயும் அவரை வாட்டின. அனோவர் நகருக்கு அண்மையில் உள்ள மருத்துவமனை ஒன்றிற் பல திங்கள் தங்க நேர்ந்தது. நலம்பெற்று மீண்ட பின்னும் பழைய நிலை முற்றும் திரும்பவில்லை. தம் கருத்துகளைப் பிறர் கவர்ந்து கொள்வதாக ஐயுற்றார். உடனுழைத்த எங்கெலிடமிருந்தும் விலகினார்.

1893ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பகுதியின் முன்னுரையில் அவ்வையம் வெடித்தது. தாம் கிளைனின் மாணவர் அல்லர் என்றும், உண்மை அதற்கு மறுதலையாக இருந்தாலும் இருக்கலாமேயன்றி அவ்வாறன்று என்றும் பலரறிய எழுதிவிட்டார். இருபதாண்டுக்கு மேற்பட்ட நட்பு அது. படித்தவர் யாவரும் திடுக்கிட்டனர். கிளைன் பொதுமேடையில் மறுமொழி எழுதிப் போரிடவில்லை. அவர் வாளா இருந்தது தளர்ச்சியாலன்று. நண்பரின் நோயை அவர் அறிவார்.

சில ஆண்டுகள் சென்றன. உருசிய நாட்டின் கசான் நகரத்தார், லொபசெவ்ஸ்கி என்னும் வடிவ கணித மேதையின் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தினர். முதற் பரிசுக்கு உரிய நூலைப் பற்றி மதிப்புரை எழுதுமாறு கிளைனைக் கேட்டனர். அந்நூல் எது தெரியுமா? தம்மைக் கடிந்த முன்னுரையைத் தாங்கி நின்ற அதே மூன்றாம் பகுதி! வெளி எத்தன்மையது, அதிற் பொருள்கள் இயங்குதற்கு வேண்டும் குறைந்த விதிகள் யாவை என்னும் ஆராய்ச்சி அதில் இருந்தது. கிளைன் முன்னுரையை ஒதுக்கி, நூலை மட்டும் நோக்கினார். அதன் சிறப்பை விரித்துப் பரிந்துரை எழுதினார். முதற் பரிசு லீக்கே வழங்கப்பட்டது. வேனில் மாலை ஒன்றில் கிளைனும் மனைவியாரும் வெளியே சென்று திரும்பியபோது, வெளிறி மெலிந்த ஒருவர் தம் வீட்டு வாயிலில் அமர்ந்திருக்கக் கண்டனர் என்றும், அவர் லீயே என்றும், நண்பர் இருவரும் கைபற்றிக் கொண்டனர் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

1898ஆம் ஆண்டு லீ தாய்நாடு திரும்பினார். குருதிக் குறை நோய் அவர் உடலை அரித்துவிட்டது. 1899ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 18ஆம் நாள், ஐம்பத்தாறாம் அகவையில் இயற்கை எய்தினார். இறுதி ஆண்டுகளில் அவர் மற்றொரு பணியிலும் முனைந்திருந்தார். ஆபெலின் பெயரால் அனைத்துலகக் கணிதப் பரிசொன்று நிறுவ வேண்டும் என்று பல நாட்டறிஞர்க்கும் மடல் எழுதி ஆதரவு திரட்டினார். அவர் மறையவே அம்முயற்சியும் நின்றுபோயிற்று. நூறாண்டு கழிந்து, 2003ஆம் ஆண்டில்தான் நார்வே அப்பரிசை முதன்முறை வழங்கியது. சென்னையிற் பிறந்த சீனிவாச வரதன் அதனை 2007ஆம் ஆண்டு பெற்றார்.

முறிவைப் பற்றிய வினா என்ன ஆயிற்று? லீ மறைந்த மறு ஆண்டு, 1900இல், பாரிசில் கூடிய அனைத்துலகக் கணிதப் பேரவையை ஒட்டி, ஹில்பர்ட் என்னும் பேரறிஞர் புதிய நூற்றாண்டு விடை காணவேண்டிய 23 வினாக்களை வகுத்தளித்தார். அவற்றுள் ஐந்தாவது, லீயின் குலங்களுக்கு வகையிடத்தக்கன என்னும் அடிப்படை தேவையா என்பதே. கோட்டைப் பொறுத்தமட்டில் விடை விரைவில் வந்தது. டச்சு நாட்டைச் சேர்ந்த பிரௌவர், முப்பது அகவை நிரம்பாத இளைஞர், 1909ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், விரைவு என்னும் கருத்தையே கையாளாமல், தொடர்ச்சி ஒன்றையே கொண்டு ஆராய்ந்தார். லீ கண்ட மூன்று வகைகளே அவருக்கும் கிட்டின. நகர்த்துதல், நீட்டுதல், நிழல் வீழ்த்துதல். நான்காவது முறிவுக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. கோட்டிற்கு மட்டுமன்றிக் குலங்களுக்குப் பொதுவாகவும் அவ்வடிப்படை வேண்டியதில்லை என்பதை 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிளீசன், மாண்ட்கோமரி, சிப்பின் ஆகிய மூவர் நிலைநாட்டினர்.

ஆனால் இது இழையறாது ஒழுகும் குலங்களுக்குப் பொருந்துவது. படிப்படியாகச் செல்லும் குலத்திற்குப் பொருந்துமா? வட்டம் ஒன்றைக் கொள்க. அதுவும் நீளம் ஒன்றே உடையதுதான். அதன் புள்ளிகளை ஒருமுறை ஒரு வகையாகத் திருப்புக. அதே திருப்பத்தை மீண்டும் மீண்டும் செய்க. எத்தனை முறை திருப்பினும் எப்புள்ளியும் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பாது என்றும் கொள்க. இத்தகைய திருப்பங்களைப் போன்காரே என்பவர் 1880களில் ஆராய்ந்தார். 1932ஆம் ஆண்டு தான்ஷுவா என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் முடிச்சை அவிழ்த்தார். திருப்பம் இருமுறை வகையிடத்தக்கதாயின், குறிகளை மாற்றி எழுதியவுடன் அது சக்கரம் சுழல்வது போன்ற தூய சுழற்சியாகத் தோன்றும். ஒருமுறை மட்டுமே வகையிடத்தக்கதாயின் அங்ஙனம் ஆகவேண்டும் என்பதில்லை. சில திருப்பங்களில், வட்டத்தின் ஒரு சிறு வில் இடம் பெயர்ந்துகொண்டே சென்று, தான் முன்பு இருந்த இடத்தை ஒருகாலும் மீண்டும் தொடாமலே சுற்றிவரும். அத்தகைய திருப்பத்தை எவ்வகைக் குறிமாற்றத்தாலும் இருமுறை வகையிடத்தக்கதாகச் செய்ய முடியாது. கணித ஆசிரியர் இதனைக் கூறி முடித்தபோது பள்ளி மணி அடித்துவிட்டது. அந்த வில் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வீடு சென்றேன்.

லீயின் எழுத்துகள் பல மொழிகளில், பல இதழ்களிற் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி, குறிப்புகள் சேர்த்து, தொகுப்பு நூல்களாக வெளியிடும் பணியை முன்னின்று செய்தவர், லீ ஒதுக்கிய அதே எங்கெல். முதல் வெளியீடு 1922ஆம் ஆண்டு வந்தது. எங்கெல் 1941ஆம் ஆண்டு காலமானார். ஏழாம் தொகுதி 1960ஆம் ஆண்டு அச்சாயிற்று.